பஞ்சுபோல அமிழ்ந்த பிரேக்

மானிப்பாய் வீதியில் குறுக்கே ஒரு மாடு. பிரேக்கை மிதித்தேன். பெடல் பஞ்சுபோல அமிழ்ந்தது. இரண்டாம் மிதிக்குத்தான் கார் நின்றது. மாடு அசையவேயில்லை, அது வேறு கதை.

அப்பாவின் மொரிஸ் மைனர். பிரேக் ஒயிலைச் சில்லுகளுக்குத் தள்ளும் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில், காரின் தரைக்குக் கீழே ஒளிந்திருக்கும். விரிப்பை விலக்கிப் பார்த்தால்தான் ஒயில் குறைந்தது தெரியும். நன்றாகவே குறைந்திருந்தது. அப்படியென்றால் எங்கோ கசிவு.

சில்லுகளைக் கழற்றினேன். பின் இடது சில்லின் பிரேக் சிலிண்டரில் ரப்பர் உறையை நகத்தால் தூக்க, கறுத்த ஒயில் விரலில் வழிந்தது. சீலை மாற்றினேன். சில்லோடு சுழலும் டிரம்மில் உரசி அதை நிறுத்தும் சூக்களும் ஒயிலில் ஊறியிருந்தன; அவற்றையும் மாற்றினேன். கழுவிப் போட்டால் போதும் என்பவர்களை நான் நம்புவதில்லை. பிறகு புதுச் சூக்களை டிரம்மோடு நெருக்கிச் சரிசெய்தேன்.

அப்புறம் காற்றெடுத்தல், அதாவது பிரேக் குழாய்களுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவது. பெடலில் மருமகன், கீழே நான். மாஸ்ரர் சிலிண்டருக்குத் தூரமான பின் இடது சில்லில் தொடக்கம். காற்றை வெளிவிடும் திருகான நிப்பிளில் மாட்டிய குழாயின் மறுமுனை, கொஞ்சம் ஒயில் விட்ட ஜாம் போத்தலுக்குள்.

“மிதி, அப்படியே பிடி.” நிப்பிளைத் திறந்து, மூடிய பின்தான் “விடு.”

“மாமா, இன்னும் குமிழி வருதோ?”

“வருதடா, மிதி.”

கதைத்துக்கொண்டிருந்ததில் மாஸ்ரர் சிலிண்டரில் ஒயில் வற்றியதைக் கவனிக்கவில்லை. திரும்பவும் காற்று. சரி, முதலிலிருந்து.

நாலு சில்லும் முடிய, பொழுதும் பட்டுவிட்டது. பெடல் முதல் மிதியிலேயே கல்லுப்போல நின்றது. மருமகனுக்குத்தான் கால் உளைவு.