அண்ணனுக்கு குடல் கேன்சர்னு தெரிஞ்ச பிறகு நான் கொலனோஸ்கோப்பி பண்ணிக்கிட்ட அனுபவம்

எனக்கு வயசு 39. வயித்துல எந்தத் தொந்தரவும் இல்ல, மோஷன்ல ரத்தம் கிடையாது, வெயிட் குறையல, பசி தூக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு. இருந்தாலும் போன மாசம் திருச்சியில ஒரு ஆஸ்பத்திரியில கொலனோஸ்கோப்பி (பின்பக்கம் வழியா கேமரா வச்ச குழாய விட்டு பெருங்குடலப் பாக்குற டெஸ்ட், சுருக்கமா ஸ்கோப்) பண்ணிக்கிட்டேன், காரணம் எங்க அண்ணன். அவருக்கு 47 வயசுல பெருங்குடல்ல கேன்சர்னு தெரிஞ்சுது. வீட்டுல ஒருத்தருக்கு இது வந்தா எல்லாரும் அவரைப் பாத்துக்கிறதுலயே ஓடிட்டு இருப்போம், கூடப்பொறந்தவங்களும் பிள்ளைங்களும் போய் செக் பண்ணிக்கணும்ங்கிற விஷயமே யாருக்கும் ஞாபகம் வராது. அவங்களுக்காகத்தான் இத விவரமா எழுதுறேன்.

முதல்ல அண்ணன் கதையைச் சொல்லிடுறேன். அவருக்கு ரொம்ப நாளாவே பாத்ரூம் போறப்ப ரத்தம் வந்துட்டு இருந்திருக்கு. நம்ம ஊர்ல மோஷன்ல ரத்தம்னாலே எல்லாரும் சொல்ற ஒரே பதில் மூலம், உடம்பு சூடு. துத்திக்கீரை சாப்பிடு, வெந்தயம் ஊற வச்சுக் குடி, சின்ன வெங்காயத்த நெய்யில வதக்கி சாப்பிடுன்னு ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க, மெடிக்கல்ல மூலத்துக்கு மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டாரு. மாத்திரை போட்டா கொஞ்ச நாள் நிக்கும், மறுபடி வரும். அப்புறம் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்க ஆரம்பிச்சுது, ரத்த டெஸ்ட் எடுத்தா ஹீமோகுளோபின் 8க்குக் கிட்ட. அத பாத்த டாக்டர்தான் ஆம்பளைக்கு இந்த வயசுல இவ்வளவு ரத்தம் குறைஞ்சா குடல்ல எங்கயாவது கசியுதான்னு பாத்தே ஆகணும்னு சொல்லி ஸ்கோப்புக்கு அனுப்பினாரு. சிக்மாய்டுன்னு சொல்ற இடது பக்க அடிப்பகுதியில கட்டி இருந்துச்சு. கூடவே நிஜமாவே மூலமும் இருந்துச்சு! இத கொஞ்சம் கவனிங்க, ஒரே ஆளுக்கு ரெண்டும் சேர்ந்து இருக்கலாம், மூலம் இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாலும் ரத்தம் அதுல இருந்து மட்டும்தான் வருதுன்னு அர்த்தம் ஆகாது.

லேப்ராஸ்கோப்பியில அந்தப் பகுதிய எடுத்துட்டு குடல இணைச்சுட்டாங்க, வெளிய பை வைக்கத் தேவைப்படல. நிணநீர் முடிச்சு சிலதுல பரவியிருந்ததால மூணாவது ஸ்டேஜ்னு சொல்லி கீமோ கொடுத்தாங்க, மூணு வாரத்துக்கு ஒருதடவை ஆக்ஸாலிபிளாட்டின் டிரிப், நடுவுல ரெண்டு வாரம் கேப்பசிடபின் மாத்திரை. முடி அவ்வளவா கொட்டல. ஆனா அந்த டிரிப் போட்டு வந்த நாட்கள்ல ஃப்ரிட்ஜ் கதவைத் தொட்டா விரல்ல கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கும்னு சொல்லுவாரு, குழாய்த் தண்ணியில கூட கை வைக்க மாட்டாரு, அண்ணி எல்லாத் தண்ணியையும் வெதுவெதுப்பா ஆக்கித்தான் குடுப்பாங்க. இப்ப நல்லா இருக்காரு, டாக்டர் சொன்ன தேதிக்கு சிஇஏ ரத்த டெஸ்ட்டும் சிடி ஸ்கேனும் எடுத்துட்டு இருக்காரு.

கீமோ முடியிற சமயத்துலதான் அந்த கேன்சர் டாக்டர் எங்கள உக்கார வச்சு, கூடப்பொறந்தவங்க எத்தன பேர், வயசு என்னன்னு கேட்டாரு. அவர் சொன்ன கணக்கு இதுதான். அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி, பிள்ளைங்கன்னு நேரடி ரத்த சொந்தத்துல யாருக்காவது பெருங்குடல் கேன்சர் வந்திருந்தா நீங்க 40 வயசுல, இல்லன்னா அவருக்கு வந்த வயசுக்கு 10 வருஷம் முன்னாடி இருக்கிற வயசுல, இதுல எது முன்னாடி வருதோ அப்ப ஸ்கோப் பண்ணணும். 47ல 10 போனா 37. அப்படிப் பாத்தா எனக்கு அந்த வயசு ஏற்கெனவே வந்தாச்சு. அண்ணனோட கட்டியில எம்எம்ஆர்னு ஒரு டெஸ்ட்டும் பண்ணியிருந்தாங்க, லிஞ்ச் சிண்ட்ரோம்னு பரம்பரையா வர்ற ஒரு வகை இருக்கு, அதுவான்னு பாக்கத்தான் இந்த டெஸ்ட், அது இருந்தா கணக்கே வேற, இன்னும் சின்ன வயசுலயே ஆரம்பிச்சு அடிக்கடி பாக்கணும், கர்ப்பப்பை கேன்சருக்கும் வாய்ப்பு அதிகம். அண்ணனுக்கு அந்த டெஸ்ட் நார்மல். உங்க வீட்டுல யாருக்காவது ஆபரேஷன் ஆகியிருந்தா அந்த டெஸ்ட் பண்ணியாச்சான்னு கேட்டு ரிப்போர்ட்ட வாங்கி வச்சுக்கோங்க.

நான் கேஸ்ட்ரோ டாக்டர்கிட்ட (வயிறு, குடல் ஸ்பெஷலிஸ்ட்) போனதும் முதல்ல கேட்டது, சார் வெறும் மோஷன் டெஸ்ட் எடுத்தா போதாதான்னு. ஃபிட்னு ஒரு டெஸ்ட் இருக்கு, கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தக் கண்டுபிடிக்கும், குடும்பத்துல யாருக்கும் இல்லாத சாதாரண ஆளுங்களுக்கு அது நல்ல டெஸ்ட்தான், ஆனா வருஷா வருஷம் எடுக்கணும், பாசிட்டிவ்னு வந்தா ஸ்கோப் பண்ணியே ஆகணும். பாலிப், அதாவது குடலோட உள்சுவர்ல வளர்ற சின்ன சதை, நிறைய நேரம் ரத்தமே கசியாம சும்மா உக்காந்திருக்கும், அதனால உங்கள மாதிரி குடும்பத்துக்கு நேரா ஸ்கோப்தான்னு சொல்லிட்டாரு. பெருங்குடல் கேன்சர்ல பெரும்பாலானது இந்த பாலிப்ல இருந்துதான் வருது, அது கேன்சரா மாற பொதுவா 10 வருஷம் போல ஆகும், அந்த இடைவெளியில பிடிச்சு வெட்டி எடுத்துட்டா கேன்சர் வரவே விடாம தடுத்துடலாம். மார்பு கேன்சருக்கு எடுக்கிற மேமோகிராம் எல்லாம் வந்தத சீக்கிரம் கண்டுபிடிக்கிற டெஸ்ட், இது வர்றதுக்கு முன்னாடியே எடுத்துப் போட்டுடற டெஸ்ட், எனக்கு இதுலதான் தைரியமே வந்துச்சு. அமெரிக்காவுல 2021ல சாதாரண ஆளுங்களுக்கே 50ல இருந்த ஆரம்ப வயச 45 ஆக்கிட்டாங்க. நம்ம நாட்டு அரசாங்க ஸ்க்ரீனிங்ல வாய், மார்பு, கர்ப்பப்பை வாய் இந்த மூணு கேன்சர்தான் இருக்கு, குடலுக்கு நாமளாத்தான் போய்க் கேக்கணும்.

இப்ப பிரிபரேஷன். இதுதான் மொத்த விஷயத்துலயும் கஷ்டமான பகுதி, முக்கியமான பகுதியும் இதுதான், குடல் சுத்தமா இல்லன்னா சின்ன பாலிப் எல்லாம் கண்ணுக்குத் தெரியாது, மறுபடி முதல்ல இருந்து பண்ணச் சொல்லிடுவாங்க. ரெண்டு மூணு நாள் முன்னாடியே கீரை, வெண்டைக்காய், தக்காளி, கொய்யா, எள்ளு, கம்பு கேழ்வரகு, தோல் உள்ள பயறு எல்லாத்தையும் நிறுத்தச் சொன்னாங்க. இட்லி, வெள்ளை சாதம், மோர், முட்டை, தோலெடுத்த உருளைக்கிழங்கு இதெல்லாம் ஓகே. நல்லதுன்னு நாம நினைக்கிற நார்ச்சத்து சாப்பாடு எல்லாமே இந்த நாட்கள்ல வேண்டாம்னு சொல்றாங்க, அதுதான் வீட்டுல மத்தவங்களுக்குப் புரிய வைக்கக் கஷ்டமா இருந்துச்சு, மாமியார் முருங்கைக்கீரை சூப் வச்சுக் குடுத்தாங்க, பாவம் அத்தை, அப்படியே திருப்பிக் குடுக்க வேண்டியதாப் போச்சு. ஸ்கோப்புக்கு முந்தின நாள் காலையில ரெண்டு இட்லி சர்க்கரை தொட்டு, அதுக்கப்புறம் வெறும் தண்ணியா இருக்கிறது மட்டும். இளநீர், வடிகட்டின எலுமிச்சை ஜூஸ், பால் ஊத்தாத டீ, வடிகட்டின தெளிவான சூப். பால் கூடாது. சிவப்பு, ஊதா கலர்ல எதுவும் கூடாது, பீட்ரூட், திராட்சை ஜூஸ், ரோஸ் கலர் சர்பத் எல்லாம் உள்ள பாத்தா ரத்தம் மாதிரி தெரியும்.

சாயங்காலம் குடலச் சுத்தம் பண்ற அந்தப் பவுடர். பெரிய பாக்கெட், ரெண்டு லிட்டர் தண்ணியில கரைக்கணும். பாதிய சாயங்காலம் 6 மணிக்கு ஆரம்பிச்சு கால் மணிக்கு ஒரு டம்ளர்னு குடிக்கணும், மீதிப் பாதிய விடியக்காலை 4 மணிக்கு எந்திரிச்சு குடிக்கணும். ஒரே மூச்சுல முதல் நாளே குடிச்சு முடிச்சுடலாம்னு தோணும், அப்படிப் பண்ணாதீங்க, ரெண்டாப் பிரிச்சுக் குடிச்சாத்தான் காலையில குடல் தெளிவா இருக்கும். உப்பும் எலுமிச்சையும் கலந்த ஒரு வழவழப்பான டேஸ்ட், முதல் ரெண்டு டம்ளர் போயிடும், அதுக்கு மேல குமட்டும். நான் ஃப்ரிட்ஜ்ல வச்சு ஜில்லுன்னு ஆக்கி ஸ்ட்ரா போட்டு நாக்குக்குப் பின்னாடி போற மாதிரி உறிஞ்சுனேன், ஒவ்வொரு டம்ளருக்கும் நடுவுல எலுமிச்சைத் துண்ட சப்பிக்கிட்டேன். ஒரு மணி நேரம் ஒண்ணும் ஆகல, அப்புறம் ஆரம்பிச்சா பாத்ரூம் பக்கத்துலயே சேர் போட்டு உக்கார வேண்டியதுதான். எரிச்சல் வரும், முதல்லயே தேங்காய் எண்ணெய் தடவிக்கோங்க, துடைக்காம தண்ணி மட்டும் ஊத்திக் கழுவுங்க. கடைசியில கட்டி எதுவும் இல்லாம யூரின் மாதிரி லேசான மஞ்சள் தண்ணியா வந்தா ரெடின்னு அர்த்தம்.

மாத்திரை விஷயம் கண்டிப்பா முன்னாடியே பேசிடுங்க. இரும்புச்சத்து மாத்திரை போடுறவங்க ஒரு வாரம் முன்னாடியே நிறுத்தணும், அது குடல் முழுக்க கருப்பாக்கிடும். சுகர் மாத்திரை, இன்சுலின், ரத்தம் உறையாம இருக்கப் போடுற மாத்திரை இதெல்லாம் நீங்களா நிறுத்தவும் கூடாது, நீங்களா தொடரவும் கூடாது, டாக்டர் எழுதிக் குடுத்தபடிதான். எனக்கு சரியா அந்த நாள்ல பீரியட்ஸ் வந்துடுச்சு, தள்ளிப் போடணுமோன்னு ஃபோன் பண்ணிக் கேட்டேன், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல வாங்கன்னு சொல்லிட்டாங்க.

ஸ்கோப் பண்ணதப் பத்தி சொல்ல பெருசா ஒண்ணுமில்ல. பின்பக்கம் திறந்த கவுன் குடுத்தாங்க, கையில மருந்து ஏத்துற வென்ஃப்ளான் ஊசி போட்டாங்க, இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வச்சு போர்வை போத்தினாங்க. மயக்க டாக்டர் என்ன வேலை பாக்குறீங்கன்னு கேட்டது ஞாபகம் இருக்கு, பதில் சொன்னேனான்னு தெரியல, கண்ண முழிச்சா ரெகவரி ரூம்ல இருக்கேன். வெளிய இருந்த வீட்டுக்காரர் அரை மணி நேரம் போல ஆச்சுன்னு சொன்னாரு. வயிறு உப்பலா இருந்துச்சு, காத்து பிரிஞ்சதும் சரியாயிடுச்சு, அத அடக்காம விடணும்னு நர்சே சொல்றாங்க. அன்னிக்கு வண்டி ஓட்டக் கூடாது, கூட ஒருத்தர் கட்டாயம் வரணும்.

ரிப்போர்ட்ட வாங்கினா மூணு விஷயம் பாருங்க. சீக்கம் வரைக்கும், அதாவது பெருங்குடலோட அந்தக் கடைசி முனை வரைக்கும் போனாங்களான்னு எழுதியிருக்கும், ஃபோட்டோவும் இருக்கும். பாஸ்டன் ஸ்கோர்னு சுத்தத்துக்கு 9க்கு மார்க் போட்டிருப்பாங்க, எனக்கு 8. அப்புறம் ஸ்கோப்ப வெளிய எடுக்குறப்ப எவ்வளவு நேரம் பாத்தாங்கன்னு போட்டிருக்கும், அப்பதான் சுவரை நல்லாப் பாக்குறாங்க, குறைஞ்சது 6 நிமிஷமாவது இருக்கணும். எனக்கு சிக்மாய்டுல 6 மில்லிமீட்டருக்கு ஒரு பாலிப் இருந்துச்சு, அண்ணனுக்கு இருந்த அதே பகுதி. அங்கயே கம்பி வளையம் போட்டு வெட்டி எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பிட்டாங்க, எனக்கு வலியும் தெரியல. குடல்ல ஓட்டை விழுற ஆபத்து இருக்குன்னு கையெழுத்து வாங்குறப்ப பயமா இருந்துச்சு, ஆயிரம் பேர்ல ஒருத்தர்ங்கிற அளவுக்கும் குறைவுதான்னு டாக்டர் விளக்கினாரு. வீட்டுக்கு வந்த பிறகு கடுமையான வயித்து வலி, காய்ச்சல், நிறைய ரத்தம் இதுல எது வந்தாலும் உடனே வரணும்னு சொன்னாங்க, எதுவும் வரல.

பயாப்ஸி வர்ற வரைக்கும் இருந்த நாட்கள் கஷ்டம், அத மறைக்க விரும்பல. ரிசல்ட் ட்யூபுலர் அடினோமா, லோ கிரேட். கேன்சர் இல்ல, ஆனா விட்டா ஒருநாள் ஆகக்கூடிய வகை. இந்த ஒரு சின்ன பாலிப்புக்கு மட்டும்னா 7ல இருந்து 10 வருஷம் கழிச்சு வந்தா போதும், அண்ணனுக்கு 60 வயசுக்கு முன்னாடியே வந்ததால உங்களுக்கு 5 வருஷம்னு தேதி குடுத்திருக்காரு.

செலவு ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறுது, கேக்குறப்ப மயக்க டாக்டர் சார்ஜ், பாலிப் எடுக்கிற சார்ஜ், பயாப்ஸி சார்ஜ் மூணும் சேர்த்தான்னு கேளுங்க, பல இடத்துல இது தனித்தனியா வரும். இன்சூரன்ஸ்காரங்ககிட்டயும் முன்னாடியே எழுதிக் கேட்டுக்கோங்க, ஸ்க்ரீனிங்னா சிலர் குடுக்க மாட்டாங்க.

எங்க அக்காவுக்கு 50 வயசு. சம்மதிக்க வைக்கத்தான் பெரும்பாடு. ஆம்பள டாக்டர் பாப்பாரேங்கிற கூச்சம்தான் அவங்களுக்கு எல்லாத்தையும் விடப் பெருசு, அது தப்பே இல்ல, நிறைய பொம்பளைங்க வாயத் திறந்து சொல்லாம தள்ளிப் போடுறதே இதுக்குத்தான். கூட லேடி நர்ஸ் இருப்பாங்க, முழுசா போர்வை போத்தியிருப்பாங்க, லேடி டாக்டர் வேணும்னா கேக்கலாம்னு சொன்ன பிறகு ஆடி முடியட்டும்னு ஒத்துக்கிட்டாங்க, ஆவணி முதல் வாரம் தேதி வாங்கியாச்சு, சுகர் மாத்திரைக்கு டாக்டர் தனியா அட்டவணை எழுதிக் குடுத்திருக்காரு. அண்ணன் பையனுக்கு இப்ப 19, அவனுக்கு 37 ஆகுறப்ப இதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்னு அண்ணியே அண்ணனோட பயாப்ஸி, எம்எம்ஆர் ரிப்போர்ட் ரெண்டையும் ஜெராக்ஸ் எடுத்து அவன் சர்டிஃபிகேட் ஃபைல்ல வச்சுட்டாங்க.