நெட் வரலாற்றுத் தாளும் மாமாவின் ஜவுளிக் கடையும்

கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு, அதாவது நெட், முடிவு வந்துவிட்டது. உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்திருக்கிறது, ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். இல்லை. மூன்றாவது முயற்சிக்கு இதுவே பெரிது என்கிறார் அம்மா. எனக்கு வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

முதல் இரண்டு முறையும் என்னைக் கவிழ்த்தவர்கள் இடைக்காலப் பயணிகள். ஆண்டு, அரசர், நாடு என்று கட்டம் போட்டு உருப்போட்டிருந்தேன். தேர்வறையில் பாரசீகத் தூதர் அப்துர் ரசாக்கும் போர்த்துக்கீசியப் பயணி பயசும் ஒருவருக்குள் ஒருவர் புகுந்துவிட்டார்கள். இருவரும் விஜயநகரத்தைத்தானே வியக்கிறார்கள்!

விடை பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் இருந்தது. மாலையில் மாமாவின் கடையில் துணி மடிப்பேன். ஒருநாள் ஆலிவ் நிற சாட்டின் கட்டைப் பிரித்தபோது, 1443-இல் அப்துர் ரசாக் கண்ட இரண்டாம் தேவராயரின் அங்கி சட்டென்று நினைவுக்கு வந்தது. துண்டுச் சீட்டில் பெயரெழுதிக் குண்டூசியால் குத்தினேன். அன்றிலிருந்து கடைதான் என் குறிப்பேடு. “யாரடா இந்த ரசாக்? முன்பணம் கொடுத்தாரா?” என்றார் மாமா.

மற்ற சீட்டுகள்:

- மார்க்கோ போலோ: தையல் இயந்திரத்தின் மேல். மாபாரில், அதாவது பாண்டியர் ஆண்ட தமிழகக் கடற்கரையில், தையற்காரரே கிடையாது என்றவர். பாண்டிய அரசருக்கும் இடுப்புத் துணிதான். கழுத்தில் மட்டும் 104 முத்தும் மாணிக்கமும் கோத்த பட்டுக் கயிறு.
- பயஸ்: ஜரிகை வேலை செய்த வெள்ளைத் துணியில். கிருஷ்ணதேவராயரின் வெள்ளாடையில் பொன் ரோஜாக்கள், தலையில் ஜரிகைக் குல்லா, கால் வெறுங்கால்.
- அரபு எழுத்தாளர் அல் உமரி: கடைக்கு வெளியே, ஷட்டரில். முகமது பின் துக்ளக்கிடம் 4,000 பட்டு நெசவாளர்கள், ஆண்டுக்கு 2,00,000 உடைகள் என்று எழுதியவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. கூற்று–காரணம் வினாவுக்கு இவரை விடாதீர்கள்.

தமிழ்வழியில் படித்தவர்கள் பெயர்களை ஆங்கில எழுத்திலும் எழுதிப் பழகுங்கள். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும்.

செய்யக் கூடாததும் ஒன்று உண்டு. சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் அடுக்கும் 36 துகில் வகைகளுக்குப் பத்து நாள் கொடுத்தேன். கோசிகம், பீதகம், தேவாங்கு, பொன்னெழுத்து... சொல்லிப் பார்க்கவே இனிக்கும். ஒரு வினாகூட வரவில்லை. அந்தப் பத்து நாளில் பொருளாதார வரலாற்றை ஒருமுறை திருப்பியிருந்தால் ஜே.ஆர்.எஃப். கைக்கு வந்திருக்கும் என்றே இன்னும் நினைக்கிறேன்.

கட்டம் போட்டுப் படிக்க வருபவர்கள் அப்படியே படியுங்கள். எனக்குக் கையில் ஒரு பொருள் இருந்தால்தான் மண்டையில் ஏறும். சீட்டு வைப்பதென்றால் குண்டூசி மட்டும் வேண்டாம், நூலால் கட்டுங்கள். சாட்டினில் விழுந்த ஓட்டை மறையாது. அந்த இரண்டு மீட்டரை மாமா என் கணக்கில் எழுதிவிட்டார்.