கிறைஸ்ட்சர்ச் பேராலயத்தின் எஞ்சிய சுவர்கள்

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரின் நடுவில், டிராம் வண்டிகள் கடந்து செல்லும் சதுக்கத்தில், கோபுரம் இல்லாத பேராலயம் ஒன்று வேலிக்குள் நிற்கிறது. மகள் அந்த நகரில் பணிபுரிவதால் நானும் என் மனைவியும் அங்கே போயிருந்தோம். பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்தைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், ஏரிகளையும் மலைகளையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் அங்கே கூட்டிப்போ என்று மகளிடம் கேட்டுக்கொண்டேன்.

அந்த ஆலயம் எங்களுக்கு அந்நியமானது அன்று. 1826-இல் மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் பிரதிஷ்டை செய்யப்பட்ட எங்கள் பாளையங்கோட்டைத் தூய திரித்துவப் பேராலயமும், 1881-இல் பிரதிஷ்டையான கிறைஸ்ட்சர்ச் பேராலயமும் இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து வந்த ஒரே ஆங்கிலிக்கன் மரபின் பிள்ளைகள். மெஞ்ஞானபுரத்துத் தேரிக்காட்டில் நிற்கும் தூய பவுலின் ஆலயக் கோபுரம் 192 அடி உயரம்; கிறைஸ்ட்சர்ச் கோபுரம் 63 மீட்டர், அதாவது ஏறத்தாழ 207 அடி. பனங்காட்டுக்கு மேலே மெஞ்ஞானபுரத்துக் கோபுரம் தலைகாட்டினாலே ஊர் வந்துவிட்டது என்று அறிந்துகொள்பவர்கள் நாங்கள். அதைவிடவும் உயர்ந்த ஒரு கோபுரம் இருந்த இடத்தில் வெறும் வானத்தைப் பார்த்தபோது என் மனைவியால் சிறிது நேரம் பேச முடியவில்லை. பிறகு, "இத்தன வருசமாவா இப்படியே போட்டிருக்காவ?" என்று மகளிடம் கேட்டாள். "ஆமாம்மா, இந்த ஊர்க்காரங்களும் அதத்தான் கேக்காவ" என்றாள் அவள்.

கிறைஸ்ட்சர்ச் கோபுரத்தைப் பூமி விட்டுவைக்கவே இல்லை. 1864-இல் அடிக்கல் நாட்டி, பணமில்லாமல் இடையில் பல ஆண்டுகள் நின்றுபோய், ஒருவழியாகப் பிரதிஷ்டை நடந்த ஒரு மாதத்திற்குள்ளேயே ஒரு நிலநடுக்கத்தில் உச்சியிலிருந்து கல் பெயர்ந்தது. 1888-இல் உச்சியின் ஏறக்குறைய எட்டு மீட்டர் விழுந்தது. மறுபடியும் கல்லால் கட்டினார்கள். 1901-இல் அதுவும் விழுந்தது. அதன் பின்னரே உச்சியை மரத்தால் அமைத்துச் செம்புத் தகடு போர்த்தினார்கள். கனத்த கல் உயரத்தில் இருக்கக் கூடாது என்ற பாடத்தை அந்தக் கட்டடமே இரண்டு தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறது, உச்சி மட்டில் அதற்குச் செவிகொடுத்தும் இருக்கிறார்கள். ஆயினும் உச்சிக்குக் கீழே கோபுரம் முழுவதும் கல்லாகவே இருந்தது.

2010 செப்டம்பர் 4 அன்று விடியுமுன் 7.1 அளவில் பூமி அதிர்ந்தபோது ஆலயம் சிறு சேதங்களோடு தப்பியது. ஆறு மாதத்திற்குள், 2011 பிப்ரவரி 22 அன்று நண்பகல் 12.51 மணிக்கு வந்த அதிர்வு 6.3 அளவுதான், அதுதான் கோபுரத்தைச் சாய்த்தது. முந்தையது நகருக்கு மேற்கே தொலைவில் நிகழ்ந்தது. பின்னதோ நகர மையத்திலிருந்து சுமார் பத்து கிலோமீட்டரில், ஐந்தே கிலோமீட்டர் ஆழத்தில் வெடித்தது. ஹீத்கோட் பள்ளத்தாக்கில் செங்குத்தாகப் பதிவான முடுக்கம் புவியீர்ப்பின் இரண்டு மடங்குக்கும் மேல். கல்லும் சாந்தும் மேலிருந்து வரும் பாரத்தை எத்தனை தலைமுறையானாலும் தாங்கும். பக்கவாட்டில் இழுத்து உலுக்கினால் தாங்காது. நகரத்தில் மாண்டவர்கள் 185 பேர். கோபுரத்தின் இடிபாடுகளுக்குள் 22 பேர் வரை சிக்கியிருக்கலாம் என்று அஞ்சித் தேடினார்கள்; ஒருவர் உடலும் அங்கே இல்லை. இதை மகள் சொன்னபோது நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஸ்தோத்திரம் சொன்னோம்.

அதே ஆண்டு ஜூன் மாதத்து அதிர்வில் மேற்குச் சுவரின் வட்டக் கண்ணாடிச் சன்னலும் போயிற்று. வேலிக்கு வெளியே நின்று பார்க்கும்போது, சாம்பல் நிறக் கற்சுவர்களை இரும்புச் சட்டங்கள் வெளியிலிருந்து அணைத்துப் பிடித்திருப்பது தெரிகிறது. பக்கச் சுவர்களில் கூர்முனை வளைவுகள் இன்னும் பிசகாமல் இருக்கின்றன. ஒரு வளைவைச் சற்று நேரம் பார்த்தேன்: ஆப்பு வடிவில் செதுக்கிய கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்க, உச்சியிலுள்ள கல் மட்டும் நூலளவு இறங்கியிருந்தது. ஒரு கொத்தனாரின் கை அத்தனை சரியாக அதை வைத்திருக்காவிட்டால் அதுவும் கீழே கிடந்திருக்கும்.

இடிந்ததைவிட, அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை அதிகம் வருத்தியது. 2011 நவம்பரில் ஆலயத்தின் பிரதிஷ்டையை நீக்கினார்கள். 2012-இல் இடித்துவிடப் போவதாக, அந்தப் பகுதித் திருச்சபைகளை நிர்வகிக்கும் திருமண்டலம் அறிவித்தது. பாரம்பரியத்தைக் காக்க வேண்டும் என்றவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2017 செப்டம்பரில்தான் திருமண்டல மன்றம் மறுபடியும் கட்டுவதென்று வாக்களித்தது. சுவர்களை நிலைப்படுத்தும் வேலை நடந்து முடிந்தபின், 2024 ஆகஸ்டில், பணப் பற்றாக்குறையால் பணிகள் நிறுத்தப்பட்டன. அப்போது சொன்ன பற்றாக்குறை மட்டும் 8.5 கோடி நியூசிலாந்து டாலர்.

அத்தனை பணத்தைக் கல்லில் போடுவதா, வீடிழந்த மனிதருக்குச் செலவழிப்பதா என்று கேட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அது சுவிசேஷத்தை அறிந்தவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் திருநெல்வேலிச் சீமையில் ஆலயம் எப்படி எழும்பியது என்பதை அறிந்தவனுக்கு அந்தக் கேள்வி அத்தனை எளிதாக முடிவதில்லை. சோறு பொங்கும்போது நம் பாட்டிமார் எடுத்து வைத்த பிடி அரிசியும், பனையேறிகள் கொடுத்த கருப்பட்டிக் காசும் அந்தச் சுவர்களுக்குள் இருக்கின்றன. கால்டுவெல் ஐயர் இடையன்குடி ஆலயத்தைக் கட்டி முடிக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஏழைகள் தாங்களாக விரும்பிக் கொடுத்துக் கட்டிய ஒன்றை, ஏழைகளின் பெயரைச் சொல்லி இடிக்க எனக்கு மனம் வராது. கட்டுவதென்றால் 2012-லேயே துணிந்திருக்க வேண்டும். இடிப்பதென்றாலும் அப்போதே செய்திருக்க வேண்டும். முடிவைத் தள்ளிக்கொண்டே போனதில் செலவு ஏறியது. கோவில் மணி கேட்காமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆராதனைக்குச் சென்றது அட்டைப் பேராலயத்துக்கு. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் ஊதியம் பெறாமல் வடிவமைத்து, 2013-இல் திறக்கப்பட்ட ஆலயம் அது. சரக்குக் கொள்கலன்கள் சுவராக நிற்க, ஓர் ஆள் கட்டிப்பிடிக்கும் பருமனுள்ள காகிதக் குழாய்கள் கூரையை நோக்கிச் சாய்ந்து ஏறுகின்றன. ஏறக்குறைய எழுநூறு பேர் உட்காரலாம். உடைந்துபோன வட்டச் சன்னலின் உருவங்களை முக்கோணக் கண்ணாடிகளில் எடுத்து முகப்பில் பதித்திருக்கிறார்கள். அங்கே முழந்தாளிட்டபோது எந்தக் குறையும் எனக்குத் தெரியவில்லை. அது சதுக்கத்திலுள்ள சுவர்களுக்கு மாற்று என்றும் தோன்றவில்லை.

ஊர் திரும்பியபின் எங்கள் பக்கத்து ஆலயக் கமிட்டிக்காரர்கள் சிலரிடம் ஒன்றை வற்புறுத்தி வருகிறேன். நம் பகுதியில் நிலநடுக்க அபாயம் குறைவு. ஆனால் கோபுர இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றுக்கும், சுண்ணாம்புக் காரைச் சுவரின்மேல் சிமெண்டைப் பூசி ஈரத்தை உள்ளே அடைக்கும் மராமத்துக்கும் குறைவில்லை. காரைச் சுவரைக் காரையால்தான் செப்பனிட வேண்டும். பண்டிகைக்கு வர்ணம் அடிக்குமுன் ஒவ்வோர் ஆலயத்தையும் அளந்து வரைபடமும் புகைப்படமும் எடுத்து வைக்க வேண்டும். கிறைஸ்ட்சர்ச்சில் மறுபடியும் கட்டலாம் என்று பேசவாவது முடிகிறதென்றால், எந்தக் கல் எங்கே இருந்தது என்பதைக் காட்டும் பதிவுகள் அவர்களிடம் இருப்பதும் அதற்கு ஒரு காரணம்.