பின்னால் உட்கார்ந்திருந்தவருக்காகவா?

"ஸ்பீட்" என்று நான் குரல் கொடுத்தது சரிதான். இதை முதலிலேயே எழுதிவைத்துவிடுகிறேன். போகப்போக எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

விமானி வேலைக்கான சிமுலேட்டர் (தரையிலேயே பறப்பதுபோல் காட்டும் போலி விமானி அறை) தேர்வுக்கு இருவர் இருவராகத்தான் உள்ளே அனுப்பினார்கள். ஒருவர் ஓட்ட, மற்றவர் கண்காணிக்க வேண்டும். பிறகு மாறிக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் மதிப்பெண் உண்டு. எனக்குச் சோடியாக வந்தவர் கோவைக்காரர், என்னைவிட மூத்தவர், பறப்பதையே நிறுத்திவிட்ட ஒரு நிறுவனத்தில் துணை விமானியாக இருந்தவர். நானோ 200 மணி நேரப் பறப்பைக் காட்டி உரிமம் வாங்கி, கடனில் ஏ320 ரக விமானத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் பயிற்சியும் முடித்துவிட்டு அழைப்புக்காகக் காத்துக் கிடந்த பெருங்கூட்டத்தில் ஒருவன். "பதறாதீர்கள் தம்பி, இது கூட்டு வேலை" என்று உள்ளே போகும் முன் தைரியம் சொன்னவர் அவர்தான்.

முதலில் அவர் ஓட்டினார். என்ஜின் விசையைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோத்ரஸ்ட், எப்படிப் பறக்க வேண்டும் என்று திரையில் காட்டும் ஃப்ளைட் டைரக்டர் இரண்டையும், பின்னால் உட்கார்ந்திருந்த தேர்வாளர் அணைக்கச் சொல்லியிருந்தார். ஓடுபாதைக்கு வழிகாட்டும் ஐ.எல்.எஸ். ரேடியோ சமிக்ஞையைப் பிடித்து இறங்கிக்கொண்டிருந்தோம். 1,000 அடிக்குக் கீழே வந்ததும் வேகம் சரியத் தொடங்கியது. இலக்கு வேகத்தைவிட 5 நாட்ஸுக்கு (விமான வேக அளவு, knots) மேல் குறைந்தால் கண்காணிப்பவர் சொல்ல வேண்டும் என்பது ஏர்பஸ் நடைமுறை. சொன்னேன். அவர் "செக்டு" என்றார், வேகம் திரும்பியது, இறங்கினோம்.

வெளியே வந்து தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது கேட்டார்: "என் கை த்ரஸ்ட் லீவரைத் தள்ளத் தொடங்கியிருந்ததை நீங்கள் பார்க்கவில்லையா, தம்பி?"

"திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அண்ணா."

"பின்னால் உட்கார்ந்திருந்தவருக்குக் கேட்கட்டும் என்று சொன்னது போல இருந்தது."

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அங்கேயே எதிர்த்துப் பேசித் தீர்த்திருப்பேன்.

என் தரப்பில் நியாயம் இருக்கிறது. ஜெட் என்ஜின் லீவரைத் தள்ளியவுடன் எகிறிவிடாது. விசை கூட நேரம் எடுக்கும், தரைக்கு அருகில் அந்த நேரம் இருக்காது. மற்றவர் கை எங்கே போகிறது, மனதில் என்ன நினைக்கிறார் என்று ஊகித்துக்கொண்டிருப்பது கண்காணிப்பவரின் வேலை அல்ல. 2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த விமானம் மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள். இறங்க வேண்டாம், மேலெழும்பிச் சுற்றி வரலாம் என்று துணை விமானி திரும்பத் திரும்பச் சொல்லியும் கேப்டன் கேட்கவில்லை என்றது விசாரணை அறிக்கை. இந்தியாவில் விமானி வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிற எவரும் இதைப் படிக்காமல் போவதில்லை. எனக்கும் அந்தக் கேள்வி வந்தது, பாடம் செய்த பதிலைச் சொன்னேன், தலையாட்டினார்கள்.

ஆனால் மங்களூரை என் பக்கம் சாட்சிக்கு இழுப்பது கொஞ்சம் அதிகம்தான். அங்கே இளையவர் ஒருவர் உயிர்களுக்காகப் பேசினார். எங்கள் பெட்டிக்குள் பயணி யாரும் இல்லை. ஒரு வேலைக்கு அலைந்த இரண்டு பேர் இருந்தோம். என் ஒவ்வொரு குரலுக்கும் பின்னால் பேனா அசையும் என்று எனக்குத் தெரியும். என் தொண்டையில் முதலில் வந்தது வேகமா, தேர்வாளரா என்று கேட்டால் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஹெட்செட்டில் முணுமுணுத்தாலே கேட்கும். நான் முணுமுணுக்கவில்லை.

அதைவிட, என் முறையில் நடந்ததுதான் இப்போது அதிகம் உறுத்துகிறது. ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும் லோக்கலைசர் சமிக்ஞையிலிருந்து விலகிக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை. அவர் வாய் திறக்காமல் என் திரைப் பக்கம் ஒரு விரலை மட்டும் நீட்டினார். திருத்திக்கொண்டேன். அன்று அதைப் பெருந்தன்மை என்று நினைத்தேன்: சத்தம் போட்டு என்னைக் காட்டிக்கொடுக்க அவர் விரும்பவில்லை. பிறகுதான் உறைத்தது. பின்னால் இருப்பவரின் திரையில் என் விலகல் தெரிந்திருக்கும். அந்த விரல் தெரிந்திருக்குமா? 'ஓட்டுபவர் தானே திருத்தினார், கண்காணித்தவர் சொல்லத் தவறினார்' என்று அவர் குறித்திருந்தால்? நடைமுறைப்படி பார்த்தால் அந்த விரல் பிழைதான். கேப்டன் இருக்கையில் இருப்பவர் அதைக் கவனிக்காமல் போனால் என்ன ஆகும் என்று வகுப்பெடுக்க எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பிழையின் பலனை வாங்கிக்கொண்டவன் நான்.

பட்டியலில் என் பெயர் இருந்தது, அவர் பெயர் இல்லை. காரணம் சொல்லும் வழக்கம் கிடையாது. உளவியல் தேர்வில் போயிருக்கலாம், குழு விவாதத்தில் போயிருக்கலாம். எனக்கு வசதியான காரணங்கள் என்பதால் இவற்றை நானே முழுதாக நம்புவதில்லை. நடக்கக்கூடியவை என்பதால் ஒதுக்கவும் முடியவில்லை. வாழ்த்துச் செய்தி அவரிடமிருந்துதான் முதலில் வந்தது. நன்றி சொன்னேன். விரலைப் பற்றி எழுதத் தொடங்கி அழித்துவிட்டேன். அந்தப் பேச்சை எடுத்தால் வேகத்தைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும்.

இப்போது தேர்வுக்குப் போகும் பையன்கள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். விலகல் எதுவாக இருந்தாலும் வாய்விட்டுச் சொல், சோடியைப் பார்க்காதே, திரையைப் பார் என்கிறேன். "அவர் ஏற்கனவே திருத்திக்கொண்டிருந்தால்?" என்று போன வாரம் ஒருவன் கேட்டான். அப்போதும் சொல் என்றேன். மெதுவாகச் சொல் என்று சேர்த்துக்கொள்ள நினைத்தேன். மெதுவாகச் சொன்னால் மதிப்பெண் குறையுமோ என்று அவன் கேட்பான் என்பதால் விட்டுவிட்டேன்.