மாமாவின் ஏ.எஃப்.பி.: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

மார்ச் 4

மாமாவுக்குச் சோறு இறங்கிப் பல வாரமாகிறது. கேஸ்ட்ரிக் என்று சொல்லிச் சமாளித்து வந்தார். இன்று ஸ்கேனில் ஈரலில் கட்டிகள் தெரிந்தன. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

மார்ச் 11

ரத்தத்தில் ஏ.எஃப்.பி. (ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன்) 4218. பெரியவர்களுக்கு 10-க்குள்தான் இருக்கும். கருவிலிருக்கும் குழந்தையின் ஈரல் சுரக்கும் புரதம் இது, பிறந்தபின் அடங்கிவிடும். இந்த வயதில் இப்படி எகிறினால் முதல் சந்தேகம் ஈரல் புற்றுநோய்தான்.

சேதி அதற்குள் தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. "அந்தக் காலத்துச் சம்சுச் சாராயம் சும்மா விடுமா?" என்கிறார் பக்கத்து லயத்து அக்கா. மாமாவோ ரப்பர் பால் வெட்டிய காலத்திலும் கள்ளுக்கடைப் பக்கம் போகாதவர். கோப்பி ஓ தவிர வேறு பழக்கமில்லை. "குடிக்காமலே குடிகாரன்னு பேர் வாங்கிட்டேன் பாரும்மா" என்றார். எனக்குத்தான் ஆத்திரம்.

மார்ச் 14

இளம் டாக்டர் ஒருவருக்கு உறுத்தியிருக்கிறது. ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் இல்லை, ஈரலும் சுருங்கவில்லை. "பிறகு எங்கேயிருந்து வந்துச்சு?" என்றவர், மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேட்டார். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் அப்படிப் போகுமாம். மாமா என்னைப் பார்த்துக் கூச்சப்பட்டு, பிறகு மெதுவாகத் தலையாட்டினார். உடனே வாய்வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் ஸ்கோப். இரைப்பையில் விளிம்பு தடித்த புண். துணுக்குச் சதை சோதனைக்குப் போயிருக்கிறது.

மார்ச் 28

ஹெபடாய்டு அடினோகார்சினோமா. இரைப்பையில் தொடங்கி, ஈரல் செல் போல வேஷம் போடும் அபூர்வ வகை. கருவில் இரண்டு உறுப்பும் ஒரே முன்குடலிலிருந்து உருவாவதால் இப்படி நேரலாமாம். ஈரலுக்குச் சீக்கிரம் பரவும் குணமும் உண்டு.

சதையில் செய்த மார்க்கர் சோதனையில் சால்4 என்ற புரதம் பாசிட்டிவ். ஈரலிலேயே பிறக்கும் புற்றில் அது பெரும்பாலும் வராது. கிளிப்பிகன்-3 என்ற இன்னொரு புரதம் இரண்டிலும் வரும் என்பதால் பிரித்துச் சொல்ல உதவாது. ஆக, ரத்தத்து எண் சந்தேகத்தை மட்டும் கிளப்பியது, முடிவு சொன்னது ஸ்கோப்பில் எடுத்த சதைதான். ஹெர்2 என்ற புரதத்துக்கான சோதனையும் நடக்கிறது. அது பாசிட்டிவானால் ட்ராஸ்டுசுமாப் என்ற மருந்தையும் சேர்ப்பார்கள்.

அக்காவிடம் இதை விளக்கினேன். "அப்படியா" என்றார், அவ்வளவுதான்.

ஏப்ரல் 29

ஹெர்2 இல்லை. ஈரலுக்குப் பரவிவிட்டதால் அறுவைக்கு வழியில்லை, கீமோதான். ஆக்ஸாலிபிளாட்டின் ஏற்றியதில் விரல் நுனி கூசுகிறது, குளிர்ந்த டம்ளரைத் தொட மாட்டேன் என்கிறார். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க இனி ஏ.எஃப்.பி.யையும் கவனிப்பார்களாம். இன்று 2905. இறங்கியிருக்கிறது. மாமா அதை நாலு நம்பர் லாட்டரியில் எழுதச் சொல்லிக் காசு நீட்டினார். அத்தை பிடுங்கிக்கொண்டார்.