ஒட்டுசுட்டான் வாசிகசாலை: பொதிகள் ஏற்றிய நாட்கள்

ஓகஸ்ட் 6

வாசிகசாலைக்குக் கிடைத்த பழைய லப்டொப்புகளில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டாயிற்று. அதில் நிரல்கள் பொதிகளாக (பக்கேஜ்) வரும். இனிப் பிள்ளைகளுக்கு வேண்டியவை: லிப்ரே ஆபிஸும் அதன் தமிழ் இடைமுகமும், சின்ன வகுப்புகளுக்கு ஜிகொம்ப்ரிஸ் என்ற கல்வி விளையாட்டுத் தொகுப்பு, தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என். முத்தையன்கட்டுப் பக்கம் சிறுபோக அறுவடை மும்முரம்; பின்னேரம்தான் கதவு திறக்கிறோம். சிக்னல் மெல்லிசு, டேட்டா என் போனிலிருந்து. ஒருதரம் இறக்கியதையே எல்லா மெஷினுக்கும் பாவிக்கவேணும்.

ஓகஸ்ட் 7

முதல் மெஷினில், பொதிகளை இணையத்திலிருந்து இறக்கி நிறுவுகிற 'அப்ட்-கெட் இன்ஸ்டோல்' கட்டளையைக் கொடுத்தேன். 'அப்ட் இன்ஸ்டோல்' சுருக்கமானதுதான். ஆனால் நிறுவி முடிந்த கையோடு, இறக்கிய டெப் கோப்புகளை, அதாவது பொதிகளை, தானே அழித்துவிடும். 'அப்ட்-கெட்' அழிக்காது. 'வார்' என்ற கோப்புறைக்குள் 'கேஷ்', அதற்குள் 'அப்ட்', அதற்குள் 'ஆர்க்கைவ்ஸ்'. எல்லாம் அங்கே பத்திரமாகக் கிடந்தன. பென் டிரைவில் பிரதி எடுத்தேன். எல்லா மெஷினிலும் ஒரே டெபியன் பதிப்பு, எல்லாம் 64 பிட். அதனால்தான் இது சரிவரும்.

ஓ/எல் எழுதப்போகிற தங்கச்சி ஒருத்தி அடுத்த மெஷினில் இருந்தாள். 'டிபிகேஜி ஹைபன் ஐ' என்ற கட்டளை கொடுத்து ஜிகொம்ப்ரிஸ் கோப்பை நிறுவப் பார்த்தாள். தேவையான வேறு பொதிகள் இல்லை என்று பெயர் பெயராகச் சொல்லிவிட்டு நின்றது.

"அண்ணை, எது இல்லையெண்டு தெரியுதுதானே, அப்ப ஏன் அதுவே எடுக்கேல்ல?"

நல்ல கேள்வி. டிபிகேஜிக்குக் கையில் கொடுத்த கோப்பை விரித்து வைக்கத்தான் தெரியும். எதற்கு எது வேண்டும், எது முதலில் போகவேண்டும் என்று பார்ப்பது அதற்கு மேலே இருக்கிற அப்ட். பென் டிரைவில் இருந்த எல்லாக் கோப்புகளையும் சேர்த்து, முன்னால் டொட்டும் ஸ்லாஷும் போட்டு, 'அப்ட் இன்ஸ்டோல்' கொடுக்கச் சொன்னேன். அந்த இரண்டு குறியும் இல்லாவிட்டால், அப்படியொரு பொதி பட்டியலில் இல்லை என்று சொல்லிவிடும். வேண்டிய பொதிகள் எல்லாம் அதில் இருந்தன, நிறுவியது. இணையத்துக்குப் போகவே இல்லை.

ஓகஸ்ட் 8

நிறுவும்போது கரண்ட் போனது. அந்த மெஷினின் பற்றரி செத்தது, உடனே நின்றுவிட்டது. திரும்பப் போட்டதும் 'டிபிகேஜி' இடையில் நின்றுபோனதென்றும், 'கொன்பிகர் ஹைபன் ஏ' கொடுக்கவேண்டுமென்றும் அதுவே சொன்னது. கொடுத்தோம், விட்ட இடத்திலிருந்து முடித்தது.

ஓகஸ்ட் 10

இன்று அகற்றும் வேலை. 'அப்ட்-கெட்' கொடுத்த அந்த முதல் மெஷின் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு. அதற்கு ஜிகொம்ப்ரிஸ் வேண்டாம், டிஸ்க்கும் சின்னது. 'ரிமூவ்' கொடுத்தால் நிரல் போகும். படமும் ஒலியும் நிறைந்த அதன் தரவுப் பொதி போகாது. "தானாக நிறுவப்பட்டது, இனித் தேவையில்லை" என்ற பட்டியலில் அது கிடக்கும். 'ஓட்டோரிமூவ்' கொடுத்த பிறகுதான் இடம் கிடைத்தது.

ஆனால் 'ஓட்டோரிமூவ்' கேட்கும்போது கண்ணை மூடிக்கொண்டு சம்மதம் என்று 'வை' (Y) எழுத்தைத் தட்டுகிற பழக்கம் இந்தப் பிள்ளைகளுக்கு வரவே கூடாது. எது போகிறது என்று அது ஒவ்வொரு பெயராகச் சொல்கிறது, வாசிக்கவேணும். வைத்திருக்கவேண்டிய பெயர் ஏதும் அதில் இருந்தால் 'அப்ட்-மார்க் மனுவல்' என்று குறித்துவிட்டால் தொடாது. 'ஹைபன் எஸ்' சேர்த்தால் ஒன்றையும் அழிக்காமல் ஒத்திகை மட்டும் காட்டும். இன்று ஒவ்வொருவரையும் ஒத்திகைப் பட்டியலைச் சத்தமாக வாசிக்க வைத்தேன். நேரம் எடுத்தது, எடுக்கட்டும்.

ஓகஸ்ட் 11

ஒரு மெஷினில் சும்மா சோதித்துப் பார்க்கப் போட்டிருந்த அப்பாச்சி என்ற இணைய சேவையக நிரலை 'ரிமூவ்' பண்ணியிருந்தோம். பொதிகளின் நிலையைக் காட்டுகிற 'டிபிகேஜி ஹைபன் எல்' பட்டியலில் அதன் பெயர் இன்னும் இருப்பதைத் தங்கச்சிதான் கண்டாள். பக்கத்தில் 'ஆர்சி' என்ற இரண்டு எழுத்து. நிரல் போய்விட்டது, அமைப்புக் கோப்புகள் இருக்கின்றன என்று அர்த்தம். திரும்ப நிறுவுகிற எண்ணம் இருந்தால் அது நல்லதுதான். எங்களுக்கு இல்லை, அமைப்புக் கோப்புகளையும் அழிக்கிற 'பேர்ஜ்' கொடுத்தோம். பிள்ளைகளின் ஹோம் கோப்புறையில் இருப்பதை 'பேர்ஜ்'கூடத் தொடாது. அதையும் அவளே திறந்து பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குச் சொன்னாள்.