க்யூஆர் கோடு நடுவில் லோகோ வைத்த கதை

போன வாரம் ஒரு விசிட்டிங் கார்டுக்காக க்யூஆர் கோடு செய்து, நடுவில் லோகோவைப் பெரிதாக வைத்தேன். கணினித் திரையில் பார்க்க நன்றாகவே இருந்தது, என் போனும் சட்டென்று படித்துவிட்டது. அச்சடித்து வந்த கார்டை நண்பர் தன் பழைய போனில் காட்டினார். ம்ஹூம்.

லோகோவுக்கென்று க்யூஆர் கோடில் தனி இடம் எதுவும் கிடையாது. இருக்கிற கட்டங்களின் மேல் படத்தை ஒட்டி மறைக்கிறோம், அவ்வளவுதான். ஸ்கேனருக்கு அது வெறும் கறை. 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா குழுவினர் க்யூஆர் கோடை உருவாக்கியது வாகன உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க. தொழிற்சாலையில் அழுக்குப் படும், கிழியும் என்பதால் கொஞ்சம் அழிந்தாலும் மீட்டுப் படிக்கும்படி ரீட்-சாலமன் என்ற பிழை திருத்தும் முறையைச் சேர்த்தார்கள். அழுக்குக்கென்று வைத்த அந்தக் கையிருப்பைச் செலவழித்துத்தான் நாம் லோகோ வைக்கிறோம்.

இதில் எல், எம், க்யூ, எச் என்று நான்கு நிலைகள். சுமார் 7, 15, 25, 30 சதவீதம் வரை மீட்கும். லோகோ வைப்பதென்றால் எச் தான். ஆனால் 30 சதவீதம் என்றதும் பரப்பில் அவ்வளவையும் மூடிவிடலாம் என்று நினைக்காதீர்கள் (நான் நினைத்தேன்). அது 8 கட்டங்கள் கொண்ட துண்டுகளை வைத்துப் போட்ட கணக்கு. லோகோவின் ஓரம் உரசி ஒரே ஒரு கட்டம் தப்பாகிவிட்டாலும் அந்தத் துண்டு முழுக்கக் காலி. போதாததற்கு கார்டு கசங்கும், விளக்கு வெளிச்சத்தில் மின்னும், அதற்கும் கையிருப்பு மிஞ்ச வேண்டும். என்னைக் கேட்டால் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகவே வேண்டாம்.

எச் நிலைக்கும் ஒரு விலை உண்டு. 30 எழுத்துள்ள ஒரு லிங்க் எல் நிலையில் 25க்கு 25 கட்டங்களில் அடங்கும், எச் நிலையில் 33க்கு 33 ஆகிவிடும். கார்டு அதே அளவுதானே, கட்டங்கள் பொடியாகிவிடும். அதனால் முதலில் லிங்க்கைச் சுருக்குங்கள். மூலையில் உள்ள மூன்று பெரிய சதுரங்களையும், சுற்றி 4 கட்ட அகலத்துக்கு இருக்கும் வெள்ளை ஓரத்தையும் தொடவே கூடாது.

அப்புறம் லிங்க்கைச் சுருக்கி, லோகோவைப் பாதியாக்கி, கார்டு அளவிலேயே சாதாரணத் தாளில் அச்சிட்டு, அதே பழைய போனில் மங்கலான வெளிச்சத்தில் காட்டினேன். படித்துவிட்டது. கார்டுக்குச் சொந்தக்காரர் மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார், லோகோவைக் கொஞ்சம் பெரிதாக்க முடியாதா என்று.